யாவரும் சுகம்

"அம்மா, நீங்கள் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை."

என் மகள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து தலையை நிமிர்த்தி, வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு மீண்டும் குனிந்துகொண்டாள். நானோ ஒரு கையில் கரண்டியும் மறு கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுமாக அடுக்களை நிலைப்படியில் நின்றிருந்தேன். பதில் சொல்லத் தோன்றவில்லை. சோறு பொங்கிக்கொண்டிருந்தது.

தஞ்சைக்கும் குடந்தைக்கும் இடையில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். என் கணவர் சவூதி அரேபியாவில் பணிபுரிகிறார். பதினோரு ஆண்டுகளாகின்றன. நான் ஆசிரியை. சுபுஹு பாங்குக்கு முன்பே எழுந்தால்தான் தொழுது, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க முடியும். மாலையில் திரும்பினால் மீண்டும் அடுப்பு, மீண்டும் பாடம். அவருக்கு அங்கே ஏழு மணிக்கு வேலை முடியும்போது இங்கே இரவு ஒன்பதரை. அந்நேரம் தொலைபேசி ஒலிக்கும். "சுகமா?" என்பார். "எல்லாரும் சுகம்" என்பேன். இதுதான் எங்கள் இல்லறத்தின் அன்றாட உரையாடல்.

சென்ற ஆண்டு ஒரு வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன் மக்ரிபுக்குப் பின் மதரஸாவுக்குப் போகாமல் ஆற்றுப் படித்துறையில் தனியே உட்கார்ந்திருக்கிறான் என்று அடுத்த வீட்டுப் பெரியம்மா வந்து சொன்னார். அதுவும் ஒரு நாளல்ல, ஒரு மாதமாக. கேட்டேன். "ஒன்றுமில்லையம்மா" என்றான். அதட்டினேன். அதே பதில். மறுநாள் மறுநாளாக நாட்கள் போயின. அந்த வாரக் கடைசியில், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த நான் கண் இருண்டு விழுந்துவிட்டேன். இரத்தம் குறைந்திருக்கிறது, இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார்.

அன்றிரவும் தொலைபேசி ஒலித்தது. "சுகமா?" "எல்லாரும் சுகம்." சொல்லிவிட்டுத் திரும்பியபோது என் மகன் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒன்றுமில்லை" என்னும் சொல்லை அவன் எந்தப் பள்ளியில் கற்றான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்தப் பாடம் என்னோடு தொடங்கியதுமன்று. என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கு சென்றவர். என் தந்தையார் விமானமேறி மலேசியா சென்றவர். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, இராஜகிரி என்று நம் டெல்டாவின் முஸ்லிம் ஊர்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்தக் கதைதான். கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்று பட்டமே உண்டு. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பிறகு திசை மாறிற்று. கிழக்கே போனவர்களின் பிள்ளைகள் மேற்கே போனார்கள். வீடுகள் உயர்ந்தன, பள்ளிவாசல்கள் எழுந்தன, பெண் மக்கள் கல்லூரி சென்றனர். இவற்றையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் படிப்பும் அந்தப் பணத்தில் வந்ததுதான்.

என் தந்தையார் ஊரோடு திரும்பி வந்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியில், தாயார் எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. தாயார் மறைந்த பிறகு அவற்றைப் படித்தேன். எல்லாக் கடிதங்களும் ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன: இவ்விடம் யாவரும் சுகம். நான் விஷக்காய்ச்சலில் பதினெட்டு நாள் கிடந்த மாதத்துக் கடிதமும் அப்படியே தொடங்குகிறது. வீட்டின் பின்சுவர் இடிந்த ஐப்பசியிலும் யாவரும் சுகம். கடல் கடந்திருப்பவர் மனம் கலங்கக் கூடாது என்ற அன்பு அது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் என் தாயாருக்கு ஒரு தெருவே துணையிருந்தது. கொல்லைப்புறங்கள் ஒன்றோடொன்று திறந்திருந்தன. ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் மறு வீட்டில் தூக்குவார்கள். எனக்குக் காய்ச்சல் கண்ட பதினெட்டு நாளும் கஞ்சி எங்கள் அடுப்பில் வேகவில்லை என்று கேள்வி. கடிதத்தில் எழுதாததை அவர் மாமியிடமும் சின்னம்மாவிடமும் சொல்லி அழுதிருப்பார். இன்று நாங்கள் மதில் எழுப்பி, இரும்புக் கதவு பூட்டி, உள்ளே ஆளுக்கொரு கைப்பேசியோடு இருக்கிறோம். வெளிநாட்டுக்குச் சொல்லும் சுகத்தையே அடுத்த வீட்டுக்கும் சொல்லப் பழகிவிட்டோம். வழக்கம் பழையதே, அதைத் தாங்கிய தெருதான் இல்லை.

விழுந்ததால் கிடைத்த மருத்துவ விடுப்பில், வெகுநாள் கேட்டறிந்த ஒரு வரலாற்றை மீண்டும் புகாரி ஷரீபில் படித்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களையும் அபூதர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸல்மான் தம் சகோதரரின் இல்லம் சென்றபோது, வீட்டு அம்மையார் பேணாத எளிய உடையில் இருக்கக் கண்டு காரணம் வினவினார்கள். உங்கள் சகோதரருக்கு இவ்வுலகில் நாட்டமில்லை என்பது பதிலாக வந்தது. பகலில் நோன்பு வைத்திருந்த அபூதர்தாவைத் தம்மோடு உண்ணச் செய்தார்கள். இரவெல்லாம் தொழ எழுந்தவரை உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைப் பகுதியில் இருவரும் சேர்ந்து தொழுதார்கள். பிறகு இறைவனுக்கும், தன் உடலுயிருக்கும், குடும்பத்தாருக்கும் மனிதன் மீது தனித்தனியே உரிமைகள் உண்டு, அவரவர் உரிமையை அவரவர்க்கு வழங்க வேண்டும் என்று எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நாயகம் (ஸல்) அவர்களும் உறுதி செய்தார்கள்.

பயான்களில் இந்த மூன்று உரிமைகளையும் அழகாக விளக்குவார்கள். அந்தப் பெண்ணின் உடையை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஸல்மானின் கண்ணில் முதலில் பட்டது அந்த உடையல்லவா! நோன்பையும் தொழுகையையும் விசாரிக்கும் முன்னர் அவர்கள் ஓர் இல்லத்தரசியின் வாட்டத்தை விசாரித்தார்கள். அன்றியும், தன் மீது தனக்குள்ள உரிமை என்பதை அளவுமீறி வணங்கும் ஆண்களுக்கான எச்சரிக்கை என்றே நானும் எண்ணியிருந்தேன். அளவுமீறி உழைப்பதையே வணக்கமாக்கிக்கொண்ட பெண்களுக்கும் அது பொருந்தும் என்று தோன்றியதே இல்லை.

நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். இளம் வயதிலேயே கணவரை இழந்து பெண் மக்களை வளர்த்தவர். அவர்தாம் 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டு, உ.வே.சாமிநாதையரின் பாராட்டையும் பெற்றார். பிள்ளை வளர்ப்பின் நடுவே தமக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டவர் என்றே அவரை நினைத்துக்கொள்கிறேன். எனக்கு நாவல் எழுதும் ஆசையில்லை. நாளுக்கு அரைமணி நேரம் உட்கார வேண்டும், அவ்வளவே.

அதைக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. குறுவை நடவுக்கு வரும் பெண்கள் கைக்குழந்தையை மரத்து ஏணையில் விட்டுவிட்டு முழங்கால் சேற்றில் இறங்குகிறார்கள். விழுந்தால் அவர்களுக்கு மருத்துவ விடுப்பு எங்கே? மாதச் சம்பளக்காரி நான் களைப்பைப் பற்றிப் பேசலாமா?

இதை என் மாமாவிடம் சொன்னேன். விவசாயி. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படாமல் போனதையும், 2020இல் அந்த நாளில் திறந்ததையும் விரல் விட்டுச் சொல்வார். அணையில் நீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள்: சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. வாய்க்காலிலும் அவ்வாறே வயலுக்கு வயல் முறை உண்டு. மாமா சொன்னார்: "நடவாளுக்கு விடுப்பு இல்லை என்பதற்காக நீ விழ வேண்டுமா? எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் பாய்ச்ச நினைக்கிறாய். அப்படிப் பாய்ச்சினால் தலைமடை நனையும், கடைமடை காயும். அது போகட்டும், உன் வயலுக்கு முறை கேட்டாயா? கேட்காதவனுக்கு யாரம்மா மடை திறப்பார்கள்?"

வீட்டில் முறை வைத்தோம். இரவுச் சமையல் ஒரே குழம்போடு நின்றது. பாத்திரம் தேய்ப்பது மகனுடையது. ஆண்பிள்ளையா என்று கேட்ட உறவினரிடம், நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதைச் சொன்னேன். அஸருக்குப் பின் அரைமணி நேரம் எனக்கு. தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்திருப்பேன், அல்லது எதையாவது படிப்பேன். மகளுக்கு ஒரு மாலை, மகனுக்கு ஒரு மாலை. வாரத்தில் இரண்டு நாள் எதுவுமே நடப்பதில்லை, தேர்வுக் காலத்தில் முறை முற்றிலும் குலைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகனின் முறையில் முதல் மூன்று மாலைகளும் அவன் பேசவில்லை. நான்காம் மாலை படித்துறையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். குரல் உடையும் வயது. ஓதும்போது குரல் பிசிற, மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இதை அத்தாவிடம்தான் கேட்க வேண்டும் என்று இருந்தானாம். "தொலைபேசியில் எப்படியம்மா கேட்பது? நீங்கள் எல்லாரும் சுகம் என்று சொல்லிவிடுகிறீர்களே."

அடுத்த வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள். "சுகமா?" என்றார். நான் விழுந்ததைச் சொன்னேன். மாத்திரையின் பெயரைச் சொன்னேன். பையனின் குரலைச் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு அவர் மெல்ல, "எனக்கும் இரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை" என்றார்.

மகன் கைப்பேசியை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போனான். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மகள் எழுந்து போய் இறக்கி வைத்தாள்.