பறங்கி வியாதி

வெளியே சொல்ல வெட்கப்படும் வியாதிகளுக்கு ஜனங்கள் வைக்கும் பெயர்கள் ரசமானவை. ஸிபிலிஸ் என்ற நோயை இத்தாலிக்காரன் 'பிரெஞ்சு வியாதி' என்றான். பிரெஞ்சுக்காரனோ 'நேப்பிள்ஸ் வியாதி' என்றான். ருஷ்யர்கள் போலந்துக்காரர்கள் தலையில் கட்டினார்கள். நாம் மட்டும் சளைத்தவர்களா? 'பறங்கி வியாதி' என்றோம். எல்லாருக்குமே அது அடுத்த வீட்டுச் சரக்கு!

ஒரு நாவலுக்காகத்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். நாவல் பாதியில் நின்றுவிட்டது, படிப்பு நிற்கவில்லை.

என்னைத் திகைக்க வைத்தது அந்த நோயின் தந்திரம். முதலில் ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. மூன்று முதல் ஆறு வாரத்தில், மருந்தே இல்லாமல் ஆறியும் போகும். ஆனால் கிருமி உடம்பிலேயே தங்கிவிடுகிறது. பல வருஷம் கழித்து இருதயத்தையோ மூளையையோ பிடிக்கலாம். இப்போது யோசித்துப் பாருங்கள். சுவரில் நோட்டீஸ் ஒட்டி, லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்கிறாரே, அவரிடம் போனவனுக்கும் புண் ஆறத்தான் செய்யும். கைராசிக்காரர் என்று பெயரும் வாங்கிவிடுவார். அந்த நாளில் பறங்கிப்பட்டைக்குக் கிடைத்த கீர்த்தியிலும் இதற்குப் பங்கு உண்டோ என்று எனக்குச் சந்தேகம்.

1943-லேயே பெனிஸிலின் இதைத் தீர்க்கும் என்று தெரிந்துவிட்டது. ஆரம்பத்தில் கண்டால் ஒரே வேளை ஊசி போதும். கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை. ஆணுறை பெருமளவு காக்கும். அது மூடாத இடத்தில் புண் இருந்தால் தொற்றலாம்.

பின் ஏன் இன்னும் ஒழியவில்லை? தெரிந்த டாக்டர் ஒருவரைக் கேட்டேன்.

"ஊசி போட்டுக்கொள்ள வந்துவிடுவார்கள், சார். 'உங்கள் சம்சாரத்தையும் அழைத்து வாருங்கள்' என்றால் அப்புறம் ஆளையே காணோம்" என்றார்.

அந்த அம்மாளுக்குப் புண் உள்ளே இருந்தால் அவளுக்கே தெரியாது. கர்ப்பமானால் சிசுவுக்கும் தொற்றும். பிறக்குமுன் இறந்துவிடவும் கூடும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு ஆரம்பத்திலேயே இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். காலத்தில் ஊசி போட்டால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். புருஷனுக்கும் சிகிச்சை செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு மறுபடியும் தொற்றிக்கொள்ளும்.

"சொன்னதும் அந்தப் பெண்கள் என்ன கேட்பார்கள்?" என்றேன்.

"'குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே, டாக்டர்?' என்பார்கள்."

"புருஷன்?"

"நாற்காலியில் உட்காரும்போதே, 'இது இவளுக்கு எப்படி வந்தது?' என்பார்."