காடி வெட்டும் ரம்பமும் கட்டைவிரலும்

சில ஆண்டுகளுக்கு முன் கேலாங் லோரோங் ஒன்றிலிருந்த தச்சுப் பட்டறையில், புத்தக அலமாரிக்காக மெராந்திப் பலகைகளில் காடி வெட்டிக் கொண்டிருந்தோம். மேசை ரம்பம் பலகைக்கு அடியில் சுழன்றது, கண்ணுக்குப் புலப்படவில்லை. பலகையின் பின்னோரத்தை நம் இடக்கைக் கட்டைவிரல் தள்ளிக் கொண்டிருந்தது. வெட்டு முடிந்து பற்கள் வெளிப்பட்ட அக்கணமே நகமும் சிறிது சதையும் போயின. எலும்பு தப்பியது.

"தலைவிதி" என்றார் ஒருவர். ஆயுத பூசையன்று இயந்திரத்திற்குச் சந்தனப் பொட்டு வையாத குற்றமென்றார் மற்றொருவர். பொட்டு வைத்த ரம்பம் விரலை அறுக்காதோ என்று கேட்டோம், விடை வரவில்லை. காரணத்தை நாமே தேடலானோம்.

மற்றொரு பலகையின் முனை அமரும்படி நாருக்குக் குறுக்கே வெட்டும் பள்ளமே இவ்வகைக் காடி. 18 மில்லிமீட்டர் பலகையில் 6 மில்லிமீட்டர் ஆழம் போதும். பலகையை முழுதும் ஊடுருவி அறுக்கையில் ரம்பத்தின்மேல் மூடியிருக்கும். பின்னால் பிளவு நெருங்காமல் காக்கும் தகடு நிற்கும். காடி வெட்டுகையில் பலகை ரம்பத்தின்மேலேயே செல்வதால் அவ்விரண்டையும் பெரும்பாலும் கழற்ற நேரிடுகிறது. காவலர் இருவரையும் அனுப்பிவிட்டுக் களவு போயிற்றென்று விதியை நோவதில் பயனென்ன?

ஆகவே காவலை வேறு வழியில் அமைத்தல் வேண்டும். மின்னிணைப்பை முற்றும் நீக்கிய பின்னரே ரம்பத்தைத் தொடுக. காடிக்கென இரு ரம்பங்களும் இடையே சிறு வெட்டுத் தகடுகளும் கொண்ட அடுக்கு உண்டு. அதனைப் பூட்டியபின் திருகாணி அச்சின் மரையில் முழுதும் ஏற இடமிருக்கிறதா என்று பார்த்தல் தலையாய காரியம். ஐரோப்பியச் சந்தைக்கெனச் செய்த பல இயந்திரங்களின் அச்சு இதற்குப் போதாது. போதாவிடில் அவ்வடுக்கை விட்டுவிடுக. வாய்த்தகடும் அகலத்திற்கேற்ப மாறவேண்டும். கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பின்பே இணைப்புக் கொடுக்கலாம்.

நமக்கு நேர்ந்த பிழை இனித்தான் வருகிறது. பலகையைக் குறுக்கு வழிகாட்டியில் அணைத்து, அதன் பின்னே தடித்த, வெட்டுப்பட்டாலும் கவலையில்லாத கட்டையொன்றை வைத்திருந்தால் பற்கள் அக்கட்டைக்குள் வந்திருக்கும். விரல் அவ்விடம் இருந்திராது. பலகை எகிறாதபடி தள்ளுகட்டையால் அமுக்குக. ரம்பத்திற்கு நேரே நில்லாது சற்று ஒதுங்கி நிற்க. அது மரத்தை எறிந்தால் நம் பக்கமே எறியும். கையுறை வேண்டா, பல் பற்றினால் கையையும் இழுக்கும். வெட்டிய பலகையைப் பின்னிழுக்காமல் ரம்பம் நிற்கும்வரை பொறுத்திருக்க.

ஒரு காடிக்காகக் கழற்றிய மூடி மாதக்கணக்கில் சுவராணியில் தொங்கியதை நாம் கண்டிருக்கிறோம். துண்டுக்குக் கூலி பெறுபவனுக்கு மாட்ட நேரமில்லை. மாட்டச் சொல்ல முதலாளிக்கு மனமில்லை. சிங்கப்பூரின் 2006 ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளிமீதும் கடமை சுமத்துகிறது. 2019 ஆம் ஆண்டு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி, காயமுற்ற ஊழியர் முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்காமலே இழப்பீடு கோரலாம். தோட்டத்திலிருந்து பட்டணம் வந்த நம்மவர் பலர் இதனை அறியார். விதியென்று ஊர் திரும்பியோரும் உண்டு.

காயம் ஆறிய பின், எஞ்சிய ஆறு காடிகளையும் கைரம்பத்தாலும் உளியாலும் வெட்டினோம். மூன்று நாள் ஆயிற்று. முதலாளி முகஞ்சுளித்தார்.