பறவைக்கும் தலைசுற்றும்

பசறைக்காரனுக்கு வளைவுகளைப் பற்றி எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பதுளையிலிருந்து பசறைக்கு இருபது கிலோமீற்றருக்கும் குறைவான தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்காக பஸ்ஸில் சன்னலோர ஆசனத்துக்கு நடக்கும் போட்டியைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். மடியில் ஒரு ஷொப்பிங் பை, முகர்ந்து பார்க்கக் கையில் தேசிக்காய், வாயில் ஒரு துண்டு இஞ்சி. மலையகப் பயணத்தின் மூன்று துணைகள் இவை. இத்தனையும் அறிந்த நான், ஒரு பறவைக்கும் இதே துன்பம் உண்டு என்பதை அறுபது வயதைக் கடந்த பின்னர்தான் தெரிந்துகொண்டேன். இதை வெட்கத்துடனேயே எழுதுகிறேன்.

கொழும்பில் என் மகள் வீட்டில் ஒரு கொக்கட்டீல் வளர்கிறது. அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சிறிய பறவை. சாம்பல் நிற உடல், மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. என் பேத்தியின் உயிர் அதில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் குடும்பத்துடன் பசறைக்குப் புறப்பட்டபோது, அதைப் பார்த்துக்கொள்ள அயலில் எவரும் இல்லை. "தாத்தா, அதையும் கூட்டிட்டுப் போவோம்" என்றாள் பேத்தி. மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

அதிகாலையில் புறப்பட்டோம். பெரிய கூட்டை அப்படியே தூக்கிக் காரின் பின் ஆசனத்தில் வைத்தோம். உள்ளே ஊஞ்சல், மணி, முகம் பார்க்கும் கண்ணாடி, தளும்பத் தளும்பத் தண்ணீர்க் கிண்ணம். வழியில் பசிக்கக்கூடாது என்று வயிறு முட்டத் தீனியும் போட்டிருந்தோம். செய்யக்கூடாதவை எவையோ அவை அனைத்தையும் அன்பின் பெயரால் செய்து முடித்திருந்தோம் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை வரை ஒரு குறையும் இல்லை. பெலிகுல்ஓயாவைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பறவை பாடுவதை நிறுத்தியது. பெரகலையை நெருங்கும்போது தலையை இருபுறமும் வேகமாக உதறியது. "பாட்டுக்கு ஆடுது" என்றாள் பேத்தி. எல்லோரும் சிரித்தோம். மருமகன் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

சுமார் 1,400 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையில் தேநீர் குடிக்க நிறுத்தியபோதுதான் கூட்டை ஒழுங்காகப் பார்த்தோம். பறவை குச்சியில் இல்லை. கூட்டின் அடியில், கொட்டிய தண்ணீரில் நனைந்து, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு அமர்ந்திருந்தது. தலை இறகுகளில் பாதி செரித்த தானியம் ஒட்டியிருந்தது. அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. அது ஆடவில்லை, வாந்தியெடுத்திருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

பேத்தியின் அழுகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஈரத்தைத் துடைத்து, அவளுடைய கம்பளிச் சட்டையால் கூட்டை மூன்று பக்கமும் போர்த்தி, வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். இரவு முழுவதும் அருகில் ஒரு மின்குமிழை எரியவிட்டு, அதன் கதகதப்பில் கூட்டை வைத்துக் காத்திருந்தோம். விடியற்காலையில் அது மெல்ல ஏறிக் குச்சியில் அமர்ந்து ஒரு தானியத்தைக் கொறித்தது. எங்கள் வீட்டின் புத்தாண்டு அந்த நேரத்தில்தான் பிறந்தது.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் உழைத்தவனுக்கு ஒரு விடயம் விளங்காவிட்டால் தூக்கம் வராது. எனக்குப் பழக்கமான மிருக வைத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். பிறகு தேடிப் படித்தேன்.

பறக்கும் உயிருக்கே தலைசுற்றுமா என்ற கேள்விக்கு விடை காதுக்குள் இருக்கிறது. மனிதருக்கு இருப்பதைப் போலவே பறவையின் உட்காதிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உண்டு. அவை தலையின் திருப்பங்களை உணர்பவை. இந்த உண்மையே பறவையிடமிருந்துதான் உலகுக்குத் தெரியவந்தது. 1820களில் பியர் ஃப்ளூரான்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் புறாக்களின் அந்தக் கால்வாய்களை வெட்டிப் பார்த்தார். அவை நிலைதடுமாறித் தலையை ஆட்டிச் சுழன்றன. காது கேட்பதற்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அது முக்கியமான சான்றாயிற்று.

பறக்கும்போது பறவை தானாகவே திரும்புகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை அதன் மூளை முன்னதாகவே அறியும். காரில் நிலைமை வேறு. கண்ணுக்கு முன்னால் கூட்டின் கம்பிகள் அசையாமல் நிற்கின்றன. உட்காதோ வளைவு, ஏற்றம், இறக்கம் என்று மாறி மாறிச் செய்தி அனுப்புகிறது. இரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது வயிறு புரட்டுகிறது. வாகனத்தைச் செலுத்துகிறவருக்குப் பெரும்பாலும் வாந்தி வருவதில்லை அல்லவா? அடுத்த வளைவு அவருடைய கையில் இருக்கிறது. பின்னால் இருப்பவர்தான் அவதிப்படுகிறார்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். பறவைகள் நோயை மறைப்பவை. காட்டில் நலிவை வெளிக்காட்டும் பறவை எதிரிக்கு இரையாகிவிடும். ஆகவே நம் கண்ணுக்கு அது வாடித் தெரியும்போது துன்பம் ஏற்கெனவே முற்றியிருக்கும். கம்பியை இறுகப் பற்றிக்கொள்வது, பாடாமல் இருப்பது, அலகைத் திறந்து மூச்சு விடுவது, தீனியைத் தொடாமலிருப்பது ஆகியவை தொடக்க அறிகுறிகள். தனக்குப் பிடித்தவருக்கோ கண்ணாடியில் தெரியும் உருவத்துக்கோ தலையை மேலும் கீழும் ஆட்டி, தீன்பையிலிருந்து உணவை எடுத்து ஊட்டுவது வேறு. அது அன்பு. தலையைப் பக்கவாட்டில் உதறித் தெறிக்கவிடுவது வாந்தி. இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் பெரகலையிலேயே நிறுத்தியிருப்போம்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பும் பயணத்துக்கு முறையாக ஆயத்தமானோம். பதுளையில் ஒரு சிறிய பயணக்கூடு வாங்கினோம். ஊஞ்சல், மணி, கண்ணாடி எதுவும் இல்லை. ஒரே ஒரு குச்சி, தரையிலிருந்து சற்றே உயரத்தில். அடியில் ஒரு துவாயும் அதன் மேல் பழைய பத்திரிகையும். நான் எழுதிய கட்டுரைகளுக்கு இப்படியும் ஒரு பயன் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பழக்கினோம். முதல் நாள் நிறுத்திய காருக்குள் சும்மா வைத்திருந்தோம். அடுத்த நாள் இயந்திரத்தை மட்டும் இயக்கினோம். பிறகு பசறை நகரம் வரை ஐந்து நிமிடம், அப்புறம் பத்து நிமிடம். ஒவ்வொரு முறையும் முடிவில் ஒரு தினைக்கதிர் பரிசு.

பயண நாளில் உணவைக் குறைத்தோம், நிறுத்தவில்லை. சின்னஞ்சிறு பறவையை நெடுநேரம் பட்டினி போடுவதும் ஆபத்து. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதிலாக வெள்ளரிக்காய்த் துண்டுகளை வைத்து, நிறுத்திய இடங்களில் மட்டும் தண்ணீர் கொடுத்தோம். பின் ஆசனத்தின் நடுவில் கூட்டை வைத்து ஆசனப் பட்டியால் இறுக்கினோம். பக்கங்களை மெல்லிய துணியால் மறைத்து, முன்பக்கத்தைத் திறந்து விட்டோம். கொக்கட்டீல் திடீர் இருளில் மிரண்டு அடித்துக்கொள்ளும் இனம். முழுவதும் மூடுவது அதற்கு ஒத்துவராது. சில பறவைகள் மூடினால்தான் அமைதியடையுமாம். ஆகவே எது பொருந்தும் என்பதைச் சிறு பயணங்களில் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசனைத் திரவியம், சிகரெட் இரண்டும் காருக்குள் கூடாது. பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. ஹப்புத்தளையின் குளிர்காற்று நேரே படக்கூடாது. இரத்தினபுரியின் வெயிலில் சன்னலை மூடி நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது.

எங்கள் வீட்டு வழக்கப்படி இஞ்சியைப் பற்றியும் கேட்டேன். சிறிதளவு இஞ்சி கொடுத்துப் பயனடைந்தவர்கள் உண்டு என்றும், பறவையின் நிறையைப் பார்த்து அளவைத் தாமே சொல்வதாகவும் வைத்தியர் கூறினார். மனிதருக்கான வாந்தி மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவருடைய குரல் உயர்ந்தது. அந்தப் பறவையின் நிறை நூறு கிராமுக்கும் குறைவு. அறுபது கிலோ மனிதருக்கான மாத்திரையின் ஒரு துணுக்குகூட அதற்கு நஞ்சாகலாம்.

ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒருமுறை நிறுத்தி நிறுத்திக் கொழும்பு போய்ச் சேர இரவாகிவிட்டது. பறவை ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. ஆனால் வழி நெடுகப் பாடவும் இல்லை. வைத்தியர் கடைசியாகச் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: "எல்லாவற்றிலும் நல்ல மருந்து, தேவையில்லாமல் கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பதுதான்."

அதைக் கேட்டபோது எனக்கு என் அத்தையின் நினைவு வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் புறப்பட்ட ஆயிரமாயிரம் தோட்டக் குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. 1970களின் தொடக்கம் அது. லயத்து வாசலில் அத்தை ஒரு கிளி வளர்த்தார். தலைமன்னார் வரை ரயில், பிறகு கப்பல். கிளிக்கூட்டை அவர் எங்கள் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். "இந்தப் பயணம் எனக்கே எப்படி இருக்குமோ தெரியல அண்ணி. வாயில்லாப் பிராணிய ஏன் இழுத்துட்டுப் போகணும்?" என்றார். பாசமில்லாதவர் என்று அன்று சிறுவனாகிய நான் நினைத்தேன். தம்மைக் கேட்காமலே தம் பயணத்தைத் தீர்மானித்துவிட்டார்கள் என்பதை அறிந்தவர் அவர். அதையே ஒரு பறவைக்குச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த சித்திரைக்கு வருவதற்கு முன்னர் பேத்தி தொலைபேசியில் பேசினாள். பறவையைத் தன் பள்ளித் தோழி வீட்டில் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். எவரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இங்கிருந்த நான்கு நாளும், காலையும் மாலையும், அதன் குரலைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அது பாடிக்கொண்டுதான் இருந்தது.