மூன்றாவது பெயர்

"குழந்தைக்கு வானத்தைக் காட்டுவதற்கு ஆயத்தம் வேறு வேண்டுமா? அண்ணாந்து பார்த்தால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்கக் கூடும். 2025ஆம் ஆண்டு தை மாதம் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

திருநெல்வேலியில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இயங்கி வருகிறது. பொங்கல் கழிந்த சனிக்கிழமை மாலை, குடும்பத்தோடு அங்கே சென்று தொலைநோக்கியில் கோள்களைக் காணலாம் என்று அறிந்தேன். அந்த நாட்களில் மேற்கே வெள்ளியும் சனியும், உச்சிக்கு அருகே வியாழனும், கிழக்கே செவ்வாயும் ஒரே மாலையில் தெரிந்தன. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகளை அழைத்துச் செல்வதென முடிவு செய்து, அவள் பெயரையும் என் பெயரையும் கொடுத்தேன்.

"தாத்தா பேரு, மாமா?" என்று கேட்டாள் பாப்பா.

"தாத்தாவுக்கு அதெல்லாம் புரியாது" என்றேன்.

திண்ணையில் கயிறு திரித்துக்கொண்டிருந்த என் தந்தையார் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கிடை ஆடு மேய்ப்பவர்; பள்ளிக்கூடம் சென்றறியாதவர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புரியாது என்பது வெறும் சாக்கு. படித்தவர்கள் கூடும் இடத்தில், ஆட்டு வாடை போகாத துண்டோடு அவர் என் அருகில் நிற்பதை எண்ணி நான் கூசினேன்.

மறுநாளே ஆயத்தம் தொடங்கியது. பாப்பாவுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியவில்லை. பப்பாளித் தண்டை நறுக்கிக் குழலாக்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதைத் தொடாமல் ஒற்றைக் கண்ணால் பார்க்கப் பழக்கினேன். தொலைநோக்கியில் கை பட்டால் கோள் பார்வையிலிருந்து நழுவிவிடும் அல்லவா!

அடுத்தது சனி. புத்தகப் படத்தில் அகன்ற வளையத்தைப் பார்த்து வைத்திருந்தாள். ஆனால், 2025 மார்ச்சில் பூமி அந்த வளையத்தின் தளத்தைக் கடக்க இருந்ததால், ஜனவரியில் வளையம் மெல்லிய கோடாகவே தெரியும். ஏமாந்து அழுதுவிடக் கூடாதே! சோற்றுத் தட்டை எடுத்து முதலில் முகம் காட்டிப் பிடித்தேன். பிறகு விளிம்பு மட்டும் தெரியும்படி திருப்பினேன். "தட்டு அதேதான், நாம பாக்கிற பக்கம்தான் வேற" என்று அவளே சொன்னாள்.

மூன்றாவது, இருட்டு. கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்கள் வேண்டும். நடுவில் கைப்பேசி வெளிச்சம் பட்டால் பழகியது வீண். ஆகவே, விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் அமர்ந்தோம். பாப்பா பயந்துபோய்த் தாத்தாவின் மடியில் ஏறிக்கொண்டாள்.

"மாமா, கார்த்திகை எங்க இருக்கு?"

கார்த்திகைக் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்பது எனக்குத் தெரியும். அது வானத்தில் எந்தப் பக்கம் உள்ளது என்றுதான் தெரியவில்லை! விழித்தேன்.

தந்தையார் கையை உயர்த்தினார். "அந்தா, குஞ்சுங்க மாதிரி ஒண்ணாக் கூடிக் கெடக்கு பாரு, அதான். அது மேக்க எறங்கினா ராத்திரி பாதிக்கு மேல போயிட்டுன்னு கணக்கு." பிறகு சற்றுத் தயங்கி, "அதுக்குக் கிட்ட பெரிசா ஒண்ணு நிக்குல்லா, அதுக்குப் பேரு தெரியாது. போன தைக்கு அது கார்த்திகைக்கு மேக்க கெடந்துச்சு. இப்பக் கெழக்க வந்துட்டு. மத்ததெல்லாம் எடம் மாறாது" என்றார்.

நான் திடுக்கிட்டேன். அது வியாழன். சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும்; ஆகவே ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு ராசி நகரும். விண்மீன்களுக்கிடையே இடம் மாறுவது கோள் என்பதை நான் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவன். அவரோ கிடைக் காவலில் கண் விழித்து, யாரும் சொல்லித் தராமல் கண்டுகொண்டவர். அவருக்குப் புரியாது என்று சொன்ன வாய் என்னுடையது.

மறுநாள் காலை மூன்றாவது பெயரையும் கொடுத்தேன்.

அன்று மாலை வரிசையில் நின்றோம். பாப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். வெள்ளி அரை நிலவாகத் தெரிந்தது. சனியைக் கண்டதும், "மாமா, தட்டோட ஓரம்!" என்று கூவினாள். வியாழனின் முறை வந்தபோது தந்தையார் குனிந்தார். வரிசையாக ஒளிப்புள்ளிகள் துணை நிற்க, அவருடைய பெயர் தெரியாத வெள்ளி வட்டமாக நின்றிருக்கும். அவர் நிமிரவே இல்லை.

"தாத்தா, பின்னால ஆளு நிக்காங்க" என்று துண்டைப் பிடித்து இழுத்தாள் பாப்பா.

பேருந்தில் திரும்பும்போது அவள் அவர் தோளில் உறங்கிவிட்டாள். "அதுக்குப் பேரு என்னன்னு சொன்ன?" என்று கேட்டார். "வியாழன்ப்பா" என்றேன். இரண்டு முறை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்று முற்றத்தில் நான் சொன்ன சொல்லுக்கு இன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டில் கேட்கக் கூச்சமாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான்தான். ஆனால், வானத்தை முதலில் படித்தவன் நான் அல்லன்.