நாற்பத்துமூன்று பெட்டிகள்

கலசப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போனால் மொட்டை மாடியில் நின்று ஜவ்வாது மலையைப் பார்ப்பதுதான் என் வேலை. இந்தமுறை அக்கா மகள் தரதரவென்று ஜெராக்ஸ் கடைக்கு இழுத்துப் போய்விட்டாள்.

"நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ மாமா. படம் பிரின்ட் எடுக்கணும்."

என்ன படம் என்கிறீர்களா? கிணற்று மோட்டாரைத் தானாகவே போட்டு நிறுத்த அவள் எழுதிய ப்ரோக்ராமின் ஃப்ளோ கிராஃப். கம்ப்யூட்டர் எந்த வழியாகப் போகும் என்பதற்கு கம்பைலர் தரும் ரூட் மேப். கிளை பிரியாமல் ஓடும் வரிகள் ஒரு பெட்டி. 'இஃப்' வந்தால் இரண்டு அம்பு. 'லூப்' என்றால் அம்பு திரும்பி மேலே ஏறும். டெபிட், கிரெடிட்டோடு நின்றுவிட்ட பி.காம். எனக்கே புரிந்தது, சத்தியமாக!

எல்.எல்.வி.எம். என்ற கருவி கிராஃபை எழுதிவிட்டேன் என்கிறது, ஃபோல்டரில் காணோம். ஃபைல் பெயரே புள்ளியில் தொடங்குகிறது. லினக்ஸில் அப்படிப்பட்ட ஃபைல் சாதாரணமாகக் கண்ணில் படாது. 'எல்எஸ் -ஏ' என்று கேட்டால்தான் தலைகாட்டும். அதிலும் இருப்பது படமல்ல. எந்தப் பெட்டியிலிருந்து எதற்கு அம்பு என்ற குறிப்பு. அதைப் படமாக வரைய கிராஃப்விஸ் என்று தனியாக ஒரு மென்பொருள்.

இதையெல்லாம் தாண்டி பிஎன்ஜி படமாக்கிக் கொண்டுவந்திருந்தாள். நாற்பத்துமூன்று பெட்டிகள், ஒரே ஏ4 தாளில். எறும்புப் புற்றை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி வந்தது! பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் திட்டுத் திட்டாக. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ரிவ்யூ தள்ளிப்போனால் வேலை தள்ளிப்போகும். கல்விக் கடன் தள்ளிப்போகாதே.

இந்தக் கடன் விஷயத்தில் அவளுக்கு ஒரு முன்னோடி உண்டு. பிரான்சிஸ் ஆலன், அமெரிக்க விவசாயி மகள். கல்விக் கடனை அடைத்துவிட்டு டீச்சர் வேலைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் 1957-ல் ஐபிஎம்மில் சேர்ந்தார். திரும்பவே இல்லை. கம்பைலருக்குள் இந்த கிராஃபை அலசும் முறையை 1970-ல் எழுதியவர் அவர். 2006-க்கான டூரிங் விருது, அதைப் பெற்ற முதல் பெண். சொன்னேன். "அப்புறம் மாமா, இப்ப பிரின்ட்டு?" என்றாள்.

கடைக்காரர்தான் கைகொடுத்தார். "பிடிஎஃப்பா குடும்மா, போஸ்டர் மாதிரி பிரிச்சு எடுத்துடலாம்." கட்டளையில் பிஎன்ஜி இருந்த இடத்தில் பிடிஎஃப் என்று மாற்றினாள், அவ்வளவுதான். அதில் கோடு கோடாகவே பதிவதால் எவ்வளவு இழுத்தாலும் உடையாது. ஆறு தாளில் பளிச்சென்று வந்தது.

ராத்திரி கூடத்தில் பரப்பி டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். விரல் ஒரு அம்பின் மேல். அது சுற்றிச் சுற்றி அதே பெட்டிக்கு வருகிறது. வெளியே போக வழியில்லை.

"மாமா, சென்சார் ஒயர் அறுந்தா மோட்டார் நிக்கவே நிக்காது!"

டேப்பைப் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். மணி பதினொன்று. அக்கா காபி போட எழுந்து போனாள்.