முறைக்குக் காத்திருக்கும் ஏரி

கொருக்குப்பேட்டையில் குடியிருக்கும் நமக்குப் பக்கிங்காம் கால்வாய் என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றும். இக்கால்வாய் 1806ஆம் ஆண்டிலேயே எண்ணூர் வரை வெட்டப்பட்டது. பின்னர் பழவேற்காட்டு ஏரியைத் தொட்டு ஆந்திர நாட்டிற்குள் நெடுந்தூரம் சென்றது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதன் வழியே நம் பேட்டைப் பக்கம் வந்து நின்றன. இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. “அந்த ஏரியையாவது காட்டுங்கள், தாத்தா” என்றான் வீட்டுச் சிறுவன். ஆகவே தை மாதத்து ஞாயிறு ஒன்றில் முதற்பூசை கண்டுவிட்டு, கொருக்குப்பேட்டை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினோம்.

எண்ணூரைத் தாண்டி வண்டி கழிமுகப் பாலத்தின்மேல் செல்லும்போது அனைவரும் சன்னல் பக்கம் திரும்பினோம். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் அடியில், சேற்று நீரில், கூழைக்கடாக்கள் சில அசையாமல் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்தபோது, இதே கழிமுகத்தில் இப்பறவைகள் இறகெல்லாம் கருத்துத் தத்தளித்ததைப் பத்திரிகைப் படங்களில் கண்டிருக்கிறோம். அவை மீண்டும் வந்திருப்பதே வியப்பு.

பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தோம். பழவேற்காட்டின் பழம்பெருமையை எழுதப் புகுந்தால் இப்பக்கங்கள் போதா. போர்த்துக்கீசியர் காலத்தில், 1515ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயத்தில் சற்று நேரம் முழந்தாளிட்டோம். டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டத்து வாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைச் சிறுவனுக்குக் காட்டினோம். படகில் ஏறவேண்டும் என்று அவன் அடம்பிடித்தான். மறுத்துவிட்டோம். 2011ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை மறப்பது எப்படி?

கரையில் முதியவர் ஒருவர் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். சற்றுத் தொலைவில் வேறு சிலர் இடுப்பளவு நீரில் கழிகளை ஊன்றிச் சுற்றுவலை கட்டிக்கொண்டிருந்தனர். இறால் நன்றாக ஓடுகிறது என்று அவரே சொன்னார்.

“அப்படியானால் நீங்கள் போகவில்லையா, பெரியவரே?” என்று கேட்டோம்.

“இன்னிக்கு எங்க முறை இல்லீங்க, ஐயா.”

இவ்வூரில் அதற்குப் ‘பாடு’ என்று பெயர். ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பே இறாலுக்குப் பேர்போன இடம். கடலில் பொரித்த இறாற்குஞ்சுகள் அவ்வழியே ஏரிக்குள் நுழைந்து, இங்கே வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் அவ்வழியே கடலுக்குத் திரும்புகின்றன. வாசலில் வலை கட்டுபவனுக்கே பெருவாரி கிடைக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், மாதாவின் பெயரைத் தாங்கிய நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் தலைமுறை தலைமுறையாக அவ்விடத்தை முறைவைத்துப் பகிர்ந்து வந்திருக்கின்றனர். ஊருக்கு ஊர் நாள் மாறும். ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். வலிமையுள்ளவன் நல்ல இடத்தை வளைத்துக்கொள்ள வழியில்லை. முறை இல்லாதவன் வலை தைக்கிறான், அல்லது ஏரியின் வேறு பகுதிக்குப் போகிறான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரிகளில் தூண்டில் போடுவோருக்குத் தலைக்கு இத்தனை மீன், இன்ன நீளத்துக்குக் குறைந்ததை நீரில் விட்டுவிட வேண்டும் என்று அரசாங்கம் கணக்கு வைக்கிறது. நம் காசிமேட்டிலோ நாளைக் கொண்டு அளக்கிறார்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. பழவேற்காட்டின் பாடு மீனை எண்ணுவதில்லை. (திபேரியாக் கடலில் பெரிய மீன்கள் 153 என்று எண்ணிச் சொன்ன யோவானை இங்கே கணக்கெழுத வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குள் சிரித்துக்கொண்டோம்.) ஆட்களையும் இடத்தையும் மட்டுமே அது எண்ணுகிறது. ஆகவே பாடு இறாலைக் காப்பதைவிட ஊரின் அமைதியைத்தான் அதிகம் காக்கிறது என்பது எமது எண்ணம். பெரியவர் அதை மறுக்கவில்லை. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிட்டால் குஞ்சு உள்ளே வராது. “முறை வரும், இறால் வராது” என்றார்.

இதற்குள் சிறுவன் நீரோரமாக நழுவியிருந்தான். தொலைவில், தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள்! கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, அலகால் நீரைச் சலித்துப் பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்டுகொண்டிருந்தன. பறந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்கும் ஆசையில் அவன் இரு கைகளையும் ஓங்கிக் கொட்டப் போனான். பெரியவர் வலையைப் போட்டுவிட்டு எழுந்துவந்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம், கண்ணு. அதுங்க சாப்பிடுற நேரம்.”

ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். ஆயினும் அந்த இரு கைகள் செய்த காவலை எந்த அறிவிப்புப் பலகையும் செய்திராது. பூநாரை தமக்குப் போட்டியில்லை என்றார் பெரியவர். கூழைக்கடாவும் நீர்க்காகமும்தான் வலையருகே வந்து பங்கு கேட்கும். “அதுக்கு எந்தச் சீட்டுலயும் பேர் கிடையாது” என்று சிரித்தார்.

சீட்டில் பெயர் இல்லாதவை பறவைகள் மட்டுமல்ல. பேருந்துக்குத் திரும்பும் வழியில், முழங்கால் வரை சேறு படிந்த இருளர் குலத்துப் பெண்ணொருத்தி கூடையில் இறால் வைத்து அமர்ந்திருந்தாள். வலையின்றி, நீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் தடவிப் பிடிப்பது அவர்கள் தொழில். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் அமைந்தபோது பெயர்ந்துவந்த குடும்பங்களும் இந்த ஏரியை நம்பித்தான் வாழ்கின்றன. பழைய பாட்டில் இடம் கேட்டு எழுந்த சச்சரவுகள் இக்கரைக்குப் புதியவை அல்ல. வரம்பு வகுத்த முன்னோர் நியாயமானவர்களே. ஆனால் யாரை உள்ளே வைத்து வகுத்தனர் என்ற கேள்வி அந்தக் கூடையருகே நின்றபோது எம்மை விடவில்லை.

“உங்களுக்குப் பாடு உண்டா, அம்மா?” என்றோம்.

“எங்களுக்கு ஏதுங்க பாடு? கைதான்” என்று இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். கீறல் இல்லாத விரல் ஒன்றும் இல்லை.

கேட்ட விலையைக் கொடுத்து, கால் கிலோ இறால் வாங்கினோம். பொன்னேரியில் வண்டி ஏறியதிலிருந்து கொருக்குப்பேட்டை வரும்வரை சிறுவன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.