விசிறியும் மௌனமும்
பழைய ஒலிநாடாக்களிலுள்ள இலக்கியப் பேச்சுகளை எழுத்தாக்குகையில் சொற்களைவிட, நடுவே வரும் தயக்கங்களே எங்களுக்கு முக்கியம். கணினியின் 80 மில்லிமீட்டர் விசிறி அவற்றைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தது. 120 மில்லிமீட்டர் விசிறியோ அதே காற்றைக் குறைந்த சுழற்சியிலேயே தள்ளிவிடும். ஒரே விசிறியின் சுழற்சி பாதியானால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். ஆனால் டெசிபலை மட்டும் நம்பலாகாது. தேய்ந்த பேரிங்கின் கீச்சொலி அளவீட்டில் சிறியது, காதுக்குப் பெருந்தொல்லை. ஆகவே திரவ பேரிங்கும், வெப்பத்துக்கேற்ப வேகத்தை மாற்றும் நான்கு முனை இணைப்பும் உள்ளவற்றையே தேர்ந்தோம். ஆஸ்திரிய நொக்டுவாவின் பழுப்பு நிறம் (டிகிரி காப்பியேதான்) எங்களில் இருவருக்குப் பிடிக்கவில்லை. எந்த விசிறியும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. சென்னையின் மே மாதப் பகல்களில் நாடாக்களை மூடிவைத்துவிட்டு விடியற்காலையில் கேட்கிறோம். பேசுபவர் தாள் புரட்டும் ஓசைகூட இப்போது கேட்கிறது.